இருபது போட்டவருக்கு இரட்டை அடி

பட்டாசுக்குத் தன் உயிர்மேல் இருந்த ஆசை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து, முன் சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். காரை ஓட்டியவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். இன்றைக்கு அவள் இருந்த கோபத்தில், அவளுக்கு யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை என்று தோன்றியது.

டீச்சருக்குப் பக்கத்துச் சீட்டில், காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. அங்கேதான் நிதானம் உட்கார்ந்திருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு எதற்குமே அவசரப்படாத குணத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர் இது. அவளுடைய உதவியாளனுக்கு எப்படிப் பட்டாசு என்று பெயர் வந்தது என்பதை, அவன் வாயைத் திறந்ததும் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

"டீச்சர், அந்த சைக்கிள்காரர் நம்ம எதிரி இல்ல. அவரை விட்டுடலாம்" என்றான் பட்டாசு.

நிதானம் தன் பக்கத்துப் பிரேக்கை மெல்ல அழுத்தினாள். கார் வேகம் குறைந்தது.

"நீங்க பிரேக்ல கால் வெச்சிருக்கீங்க" என்றாள் டீச்சர்.

"சும்மா ஒரு துணைக்கு வெச்சிருக்கேன்மா. நீ சொல்லு. அந்த ஆட்டத்துல சண்டை எப்படி நடக்கும்? அது புரிஞ்சாத்தானே ஏமாத்து எங்கேன்னு புரியும்."

சிவப்பு விளக்கு விழுந்தது. டீச்சர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேச ஆரம்பித்தாள்.

"எங்க அப்பா விளையாட்டுச் சாமான் கடை வெச்சிருக்கார். சனிக்கிழமையானா பின் ரூம்ல பெரிய மேஜை போட்டு ஆட்டம். அப்பா கதை சொல்வார். மத்தவங்க ஆளுக்கொரு வீரனா அந்தக் கதைக்குள்ள இருப்பாங்க. எதிர்ல ஒரு டிராகன். அதைக் கோடரியால வெட்டணும்னு வெச்சுக்கோங்க. 'வெட்டிட்டேன்'னு வாயால சொன்னா ஆச்சா? இருபது முகம் இருக்கிற பகடையை உருட்டணும். விழுற எண்ணோட வீரனோட திறமையைக் கூட்டணும். கோடரி வீரனுக்குத் திறமை அஞ்சு. டிராகனோட கவசத்துக்குப் பதினெட்டு. கூட்டினது பதினெட்டைத் தொட்டா வெட்டு பட்டுச்சு. தொடலைன்னா காத்துல போச்சு."

"அப்போ பகடையில பதிமூணு விழுந்தாலே போதும்" என்றாள் நிதானம்.

"அதேதான். பட்டுச்சுன்னா அப்புறம்தான் அடிப் பகடை. எவ்வளவு பலமா பட்டுச்சுன்னு அது சொல்லும். கோடரிக்கு எட்டு முகப் பகடை. அதுல விழுற எண்ணை டிராகனோட உயிர்லேர்ந்து கழிக்கணும்."

"ஒரு அடிக்கு ரெண்டு பகடையா?" என்றான் பட்டாசு. "எங்கம்மா கரண்டியைத் தூக்கினா முதல் பகடையே கிடையாது. நேரா ரெண்டாவதுதான். குறி தப்பினதா சரித்திரமே இல்ல."

டீச்சர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. விளக்குப் பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

மிச்சக் கதையை ஓட்டிக்கொண்டே சொன்னாள். கோடரி வீரனாக ஆடுகிறவர் எதிர்வரிசை பேக்கரிக்காரர். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரும் அவர்தான். வருகிற திங்கட்கிழமை பதிவுக் கல்யாணம். போன சனிக்கிழமை டிராகனோடு சண்டை. பேக்கரிக்காரர் உருட்டினார், இருபது. மறுபடி உருட்டினார், இருபது. மூன்றாம் தடவையும் இருபது. கூட ஆடிய பிளம்பர் விளையாட்டாக அந்தப் பகடையை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் அது புரண்டு புரண்டு இருபதையே மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. கள்ளப் பகடை.

"அப்பா எழுந்தார். 'ஆட்டத்துல ஏமாத்துறவன் என் பொண்ணையும் ஏமாத்துவான்'னார். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வர மாட்டாராம், சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டாராம்." டீச்சர் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தாள். "நான் கட்டிக்கப் போறவருக்குப் பொய் சொல்லவே வராது மேடம். 'கேக் புதுசா'ன்னு கேட்டா 'இல்லீங்க, நேத்துப் போட்டது'ன்னு சொல்லி, வந்த ஆளைத் திருப்பி அனுப்புறவர். அப்பா இல்லாம கல்யாணம் பண்ணிக்க எனக்கு மனசு வரல. இவரை விடவும் மனசு வரல. நான் என்ன பண்ணட்டும்?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா பல் டாக்டர். கடைக்கு மேலேயே கிளினிக். அவங்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் டீ கொண்டு வர்றதோட சரி. இந்தச் சண்டை வந்ததுலேர்ந்து வாயே திறக்கல."

"மத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே அலுத்துப் போயிருக்கும்" என்றான் பட்டாசு.

கடை வாசலில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இந்தத் தடவை நிறுத்தியது நிதானம்தான்.

கடைக்காரரான டீச்சரின் அப்பா ஆஜானுபாகுவான மனிதர். குரல் மட்டும் கீச்சென்று இருந்தது. பின் அறைக்கு அழைத்துப் போனார். பெரிய மேஜை, அதன் தலைமாட்டில் கதைக் குறிப்புகளை மறைக்க ஓர் அட்டைத் தடுப்பு, அதற்குப் பின்னால் அவருடைய நாற்காலி. சிறகை விரித்த டிராகன் பொம்மை ஒன்று மேஜையின் நடுவில் குற்றுயிராக நின்றது. பக்கத்தில் ஒரு திறந்த அலமாரி. ஆடுகிறவர்களின் பகடைகள் ஆளுக்கொரு டப்பாவில் அதில் இருந்தன. சுவரில் பச்சைப் பெயின்ட்டில் எழுதிய ஒரு பலகை தொங்கியது.

பட்டாசு பலகைப் பக்கம் போய் உரக்கப் படித்தான். "'சண்டை விதிகள். இருபது போட்டவருக்கு இரட்டை அடி. ஒன்று போட்டவருக்கு அடி இல்லை.' அடப்பாவமே! இருபது போட்டா ரெட்டை அடி வாங்கணுமா? அப்போ ஒண்ணு போட்டவன்தான் தப்பிச்சான்! இதுல போய் இருபதுக்குக் கள்ளப் பகடை வெக்கிறவன் மாதிரி ஒரு முட்டாள் உண்டா?"

கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "அடி வாங்குறது இல்ல சார், குடுக்குறது! இருபது விழுந்தா கவசத்தைப் பார்க்கவே வேணாம், பட்டே தீரும். அடிப் பகடையையும் ஒண்ணுக்கு ரெண்டா உருட்டலாம். ஒண்ணு விழுந்தா என்ன திறமை இருந்தாலும் வெட்டு வீண். இது கூடத் தெரியாமலா துப்பறிய வந்தீங்க?"

"எங்களுக்குப் பகடை புதுசுங்க. அடி பழசு."

"பலகையை எழுதினது யாரு?" என்று கேட்டாள் நிதானம்.

"நான்தான்" என்று கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான்தான் ஒவ்வொண்ணா உக்காந்து நம்ம பாஷைக்குக் கொண்டு வந்தேன். யார் படிச்சாலும் புரியணும் பாருங்க."

நிதானம் பலகையை ஏற இறங்கப் பார்த்தாள். 

தண்ணீர் டம்ளரிலிருந்து மஞ்சள் நிறப் பகடையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். நிதானம் அதைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தாள். இருபது என்ற எண்ணைச் சுற்றி, மயிரிழை அளவில் ஒரு வட்டம். உள்ளே குழி தோண்டிவிட்டு, வாயைப் பசை போட்டு அடைத்து, அதற்கு மேல் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். அந்தப் பக்கம் லேசாகிவிட்டதால் அதுவே மேலே வந்தது.

"பகடைக்குச் சொத்தை விழுந்திருக்கு மேடம்" என்றான் பட்டாசு. "அதை யாரோ அழகா அடைச்சிருக்காங்க."

நிதானம் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பட்டாசுக்குப் பயமாகிவிட்டது. இந்தப் பார்வைக்கு அவன் தப்பாக ஏதாவது பேசிவிட்டான் என்று அர்த்தம், இல்லாவிட்டால் சரியாகப் பேசிவிட்டான் என்று அர்த்தம். எது என்று மட்டும் இத்தனை வருஷமாக அவனுக்குப் பிடிபடவே இல்லை.

"இந்தப் பகடை யாருதுங்க?" என்றாள் நிதானம்.

"பேக்கரிக்காரரோடது. டப்பா இந்த அலமாரியிலதான் இருக்கும். பூட்டெல்லாம் கிடையாது. குடும்பமா பழகினோம், பூட்டு எதுக்கு?" கடைக்காரர் மேஜையில் ஒரு குத்து விட்டார். டிராகன் சாய்ந்தது. அதை அவசரமாக, மூக்கு நொறுங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்து நிமிர்த்தி வைத்தார். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்த வேலையைப் பண்ணினது யாரா இருந்தாலும் சரி, என் வாசப்படி மிதிக்கக் கூடாது. அவங்க கையால ஒரு வாய் டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டேன்!"

"ரொம்பப் பெரிய சபதமா போடாதீங்க" என்றாள் நிதானம். "திருப்பி எடுக்க வேண்டி வந்தா கனமா இருக்கும்."

எதிர்வரிசையில் பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையக் கருகிய பன் இருந்தது. 'கருகியது, வேண்டாம்' என்று அதன்மேல் ஒரு சீட்டும் இருந்தது. பேக்கரிக்காரரைப் பார்த்ததுமே பட்டாசுக்கு மனசு கரைந்துவிட்டது. மீசையில் மாவு, கண்ணில் தூக்கமின்மை. டீச்சரைப் பார்த்ததும் ஒரு புன்சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"நான் பண்ணலீங்க" என்றார். "மூணாவது இருபது விழுந்ததும் எனக்கே உள்ளங்கை வேர்த்துடுச்சு. 'மாமா, இந்தப் பகடை சரியில்ல, வேற ஒண்ணு குடுங்க'ன்னு நான்தான் முதல்ல கேட்டேன். அது நடிப்புன்னு சொல்லிட்டார். அதுவரைக்கும் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு வாய் நிறையக் கூப்பிடுவார். இப்ப 'பேக்கரிக்காரரே'ங்கிறார்." ஒரு கருகிய பன்னை எடுத்து, தட்டிலேயே திருப்பி வைத்தார். "அதைத்தாங்க தாங்க முடியல."

"அன்னிக்கு வேற யார் ரூமுக்கு வந்தாங்க?"

"அத்தை வந்தாங்க. மூணாவது இருபது விழுந்தப்போ எல்லாரும் மேஜை மேல ஏறாத குறையா கத்துறாங்க. அத்தை டீ டிரேயோட நின்னு எட்டிப் பார்த்தாங்க. 'என்ன விழுந்துச்சு'ன்னு கேட்டாங்க. இருபதுன்னேன். என் தோளைத் தட்டி, 'மனசை விட்டுடாதீங்க தம்பி, அடுத்தது நல்லா விழும்'னாங்க. கிண்டல் பண்றாங்கன்னு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அவர் கொடுத்த கேக்கை வாய்க்குக் கொண்டுபோன நிதானத்தின் கை பாதியில் நின்றது.

"தம்பி, நீங்க எப்பவாவது பல் அடைச்சிருக்கீங்களா?"

"போன மாசம். அத்தைதான் அடைச்சாங்க."

"ஆ காட்டுங்க."

பேக்கரிக்காரர் ஆ காட்டினார். நிதானம் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். ஒரு கையில் லென்ஸ், இன்னொரு கையில் மஞ்சள் பகடை.

"மேடம், நாம பகடை கேஸுக்குத்தான் வந்திருக்கோம்" என்றான் பட்டாசு. "பல் கேஸுக்கு இல்ல."

"ரெண்டும் ஒரே கேஸ். இங்க பாரு. இந்தக் கடைவாய்ப் பல்லு, இந்தப் பகடை. ஒரே கை. ஒரே பளபளப்பு."

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அம்மாவா?"

"புரிஞ்சுபோச்சு!" என்று குதித்தான் பட்டாசு. "வருங்கால மாப்பிள்ளை ஜெயிக்கட்டுமேன்னு மாமியார் பண்ணின உதவி! கேஸ் முடிஞ்சுது!"

"பட்டாசு, அதைக் கொஞ்சம் அடக்கி..." என்று நிதானம் சொல்லி முடிப்பதற்குள் அவன் தெருவைத் தாண்டிக் கடைக்குள் நுழைந்து, அதைக் கடைக்காரரிடம் வெடித்தே விட்டான்.

மற்ற மூவரும் பின் அறைக்கு ஓடி வந்தார்கள். கடைக்காரர் நாற்காலியில் இடிந்து போய் உட்கார்ந்திருந்தார். வாசலில் டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடு, கையில் டீ டிரேயோடு நின்றிருந்தார். ஒல்லியான உருவம், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. 

"நீயா?" என்றார் கடைக்காரர்.

"நான்தான்" என்றார் டாக்டரம்மா. "கீழேர்ந்து பகடையை எடுத்துட்டுப் போயி, கிளினிக்ல வெச்சு நான்தான் குடைஞ்சேன்."

"அப்போ ரெண்டு பேரும் கூட்டு! மாமியாரும் மருமகனும் சேர்ந்துகிட்டு என் முதுகுக்குப் பின்னாடி என் டிராகனைக் கொல்லப் பார்த்திருக்கீங்க!"

"மாமா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் பேக்கரிக்காரர்.

"பேசாதீங்க பேக்கரிக்காரரே!"

டீச்சர் அழுதேவிட்டாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம் மட்டும்தான் ஆபத்தில் இருந்தது. இப்போது பழைய கல்யாணமும் சேர்ந்துகொண்டது. பட்டாசு தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடலாம் என்று இருந்தது அவனுக்கு.

"இதுக்குத்தான் நான் வாயைத் திறக்கல" என்று டாக்டரம்மா மகளைப் பார்த்துச் சொன்னார். "நான்னு சொன்னா இவர் இப்படித்தான் நினைப்பார்னு தெரியும். நிஜத்தைச் சொன்னா யாருமே நம்ப மாட்டீங்க."

"நான் நம்புறேன்" என்றாள் நிதானம். மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவாக உட்கார்ந்து, டிரேயிலிருந்து ஒரு கப்பையும் எடுத்துக்கொண்டாள். "பட்டாசு, வாயிலேர்ந்து கையை எடு. இங்க வந்ததும் அந்தப் பலகையைப் படிச்சே இல்ல? படிச்சிட்டு என்ன சொன்னே?"

"எதை மேடம்?" அவன் தயங்கினான். "இருபது போட்டா ரெட்டை அடி வாங்கணுமான்னு கேட்டேன். ஒண்ணு போட்டவன் தப்பிச்சான்னேன். இவர் கோவிச்சுக்கிட்டார்."

டாக்டரம்மா சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். "நீங்களும் அப்படித்தான் படிச்சீங்களா தம்பி?"

"வேற எப்படிங்க படிக்கிறது? 'சேட்டை பண்ணினவனுக்கு ரெட்டை அடி'ன்னா அவன் முதுகு வீங்குதுன்னுதானே அர்த்தம்?"

 எல்லார் கண்ணும் பச்சைப் பெயின்ட் பலகைக்குப் போனது. 'இருபது போட்டவருக்கு இரட்டை அடி.' கடைக்காரர் அதைத் தன் உதட்டுக்குள்ளேயே படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் தாடை மெல்லத் தொங்க ஆரம்பித்தது.

"பகடையை வெச்சவங்க இவருக்கு உதவத்தான் வெச்சாங்கன்னு நாம எல்லாரும் முடிவு கட்டிட்டோம்" என்றாள் நிதானம். "இருபது நல்லதுன்னு ஆடுறவங்களுக்குத் தெரியும். ஆடாதவங்களுக்கு யார் சொன்னாங்க? டாக்டரம்மாவுக்கு இந்த ஆட்டத்துல தெரிஞ்சது இந்தப் பலகை மட்டும்தான். இருபது போட்டவர் அடி வாங்குவார்னு நம்பித்தான் இருபது விழ வெச்சாங்க. இவர் ஜெயிக்கணும்னு இல்ல, தோக்கணும்னு."

"போன சனிக்கிழமை..." கடைக்காரரின் குரல் இன்னும் கீச்சிட்டது. "நீ இவர் தோளைத் தட்டி மனசை விட்டுடாதீங்கன்னு சொன்னே..."

"பின்ன? மூணு தடவை ரெட்டை அடி வாங்கிட்டாரேன்னு எனக்கே பாவமா போச்சு" என்றார் டாக்டரம்மா. "அவர் வீரன் செத்துக்கித்துப் போயிடப் போறானேன்னு பயந்துட்டேன். அப்புறம் பார்த்தா எல்லாரும் டிராகன் சாகப் போகுதுன்னு குதிக்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே விளங்கல."

"தோக்கணும்னு கூட்டு சேர்ந்து யாராவது கள்ளப் பகடை ஆடுவாங்களா?" என்றாள் நிதானம் கடைக்காரரிடம். "உங்க மாப்பிள்ளைக்கு இதுல பங்கே இல்ல."

பேக்கரிக்காரர் மீசை மாவோடு தேம்பினார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் மட்டும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அவர் ஏன் தோக்கணும்? உனக்கு அவரைப் பிடிக்குமே!"

"அவரைப் பிடிக்கும். டிராகன் சாகுறதுதான் பிடிக்கல." டாக்டரம்மா டிரேயை மேஜையில் வைத்தார். "நீங்கதான் சாப்பிடும்போது சொன்னீங்க. 'இந்த டிராகன் செத்தா கதை முடிஞ்சுது, ஆட்டமும் முடிஞ்சுது, அப்புறம் சனிக்கிழமை வீட்டுலதான்'னு. வீட்டுல இருந்து என்ன பண்ணுவீங்க? என் பின்னாடியே சுத்துவீங்க. ரிமோட்டைப் பிடுங்குவீங்க. அலமாரியை ஒழுங்கு பண்றேன்னு ஒரு சாமானையும் கண்டுபிடிக்க முடியாம பண்ணுவீங்க. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு சாயங்காலம்தாங்க!"

பட்டாசுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிதானம் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் கடைக்காரர்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார். "வாரம் பூரா கடையில ஈ ஓட்டிக்கிட்டு உம்முன்னு இருக்கீங்க. சனிக்கிழமை டிராகன் மாதிரி உறுமுற சத்தம் மாடிக்குக் கேக்கும்போதுதான், நான் கட்டிக்கிட்ட மனுஷன் இன்னும் உள்ள இருக்கார்னு தெரியுது. அது நின்னுபோயிடக் கூடாதுன்னு நினைச்சேன். தப்புதான். மாப்பிள்ளை பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க தம்பி."

 கடைக்காரர் டிரேயைப் பார்த்தார்.

"உங்க கையால டீ வாங்கிக் குடிக்கிறதில்லைன்னு சபதம் போட்டிருக்காருங்க" என்று பட்டாசு டாக்டரம்மாவிடம் மெல்ல எடுத்துக் கொடுத்தான். "வாசப்படி வேற மிதிக்கக் கூடாதாம். மாடிக்கு எப்படிப் போவீங்களோ தெரியல."

"சும்மா இருங்க சார்" என்ற கடைக்காரர் கப்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். வாய் சுட்டிருக்கவேண்டும். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணமாகக் காட்டிக்கொண்டார். "எழுதின எனக்குத்தான் ரெட்டை அடி. இத்தனை வருஷமா அந்தப் பலகைக்குக் கீழே உக்காந்திருக்கேன், உறைக்கலையே!"

அவர் எழுந்து அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார். குரல் திடீரென்று கதைசொல்லியின் குரலாகிவிட்டது.

"நின்ன சண்டை நின்ன இடத்துலேர்ந்து நடக்கட்டும். அந்த மூணு ரெட்டை அடியையும் ஒத்தை அடியா குறைச்சிட்டேன். அப்படியும் டிராகனுக்கு உயிர் ஊசலாடுது. இன்னொண்ணு பட்டா முடிஞ்சுது." தன் பையிலிருந்து பழைய கறுப்புப் பகடை ஒன்றை எடுத்துப் பேக்கரிக்காரர் கையில் வைத்தார். "இது என்னோடது. போடுங்க. நான் பார்க்க மாட்டேன். இனிமே உங்க வாயில வர்ற எண்தான் எனக்கு எண்."

சொன்னபடியே சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணையும் மூடிக்கொண்டார். அந்தப் பெரிய முதுகு விறைத்துப் போய் நின்றது. டிராகனைச் செய்து, வண்ணமடித்து, அதற்கு ஒரு குணமும் குரலும் கொடுத்தவர் அவர். பிள்ளைக்கு ஊசி போடும்போது பெற்றவர்கள் திரும்பிக்கொள்வது போல இருந்தது பட்டாசுக்கு.

பேக்கரிக்காரர் உருட்டினார். கறுப்புப் பகடை மேஜையில் ஓடி, டீ கப்பில் முட்டி, டாக்டரம்மாவுக்கு முன்னால் வந்து நின்றது.

இருபது.

கள்ளமில்லாத, சுத்தமான இருபது. பட்டாசு பார்த்தான். நிதானம் பார்த்தாள். டீச்சர் பார்த்தாள். டாக்டரம்மாவும் பார்த்தார். இப்போது அவருக்கு அதன் அர்த்தமும் தெரியும். கறுப்புப் பகடையிலிருந்து கணவரின் முதுகுக்கும், முதுகிலிருந்து மாப்பிள்ளைக்கும் அவர் கண் போனது. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

பேக்கரிக்காரரின் காது இரண்டும் சிவந்தன.  நேற்றைய கேக்கை நேற்றைய கேக் என்று சொல்கிற மனிதர், வாழ்க்கையில் பழகாத ஒரு காரியத்துக்குத் தயாரானார்.

"ஒண்ணு, மாமா" என்றார்.



"அடக் கஷ்டமே!" என்று முதலில் கூவியவர் டாக்டரம்மா. "ஒண்ணா விழுந்துச்சு? அப்போ அடி இல்லை!"

டீச்சர் அலுங்காமல் காலி கப்பை எடுத்து அந்தப் பகடையின்மேல் கவிழ்த்தாள்.

கடைக்காரர் திரும்பினார். வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். மனுஷனால் முடியவில்லை. "ஒண்ணா? த்சொ, த்சொ. வெட்டு வீண். டிராகன் ஒரு உறுமல் உறுமி, கூரையைப் பிச்சுக்கிட்டு மலைக்குப் பறந்துபோச்சு!" என்று அவரே உறுமியும் காட்டினார். அலமாரியில் டப்பாக்கள் அதிர்ந்தன. "அதைத் தேடிப் பிடிக்கணும்னா இன்னும் எத்தனை சனிக்கிழமை ஆகுமோ! திங்கட்கிழமை முதல்ல கையெழுத்து வேலையைப் பார்ப்போம். பேனா நான் கொண்டு வரேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்ற சொல் விழுந்ததும் பேக்கரிக்காரர் அவர் காலடியில் உட்கார்ந்தே விட்டார். சட்டை முழுக்க மாவாக, கடைக்காரர் அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் பட்டாசு வாயைத் திறந்தான். கையில் பேக்கரிக்காரர் கொடுத்த பன் பொட்டலம் சூடாக இருந்தது.

"மேடம், ஆள் ஏமாத்துக்காரர் இல்லைன்னு இப்பத்தானே நிரூபிச்சோம்? அந்த டீ ஆறுறதுக்குள்ள, நம்ம கண்ணு முன்னாடியே..."

"இதைப் பத்தி நம்மகிட்ட யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்போ ஒரு பன்னை எடுத்து வாயில போடு."

அவன் போட்டுக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது, கடை ஜன்னலில் பின் அறை தெரிந்தது. கடைக்காரர் ஏணியில் ஏறி நின்று பலகையில் பச்சைப் பெயின்ட்டால் எதையோ அடித்து எழுதிக்கொண்டிருந்தார். கீழே பேக்கரிக்காரர் ஏணியைப் பிடித்திருக்க, டாக்டரம்மா எழுத்துக்கு எழுத்து திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். 'இருபது போட்டவர் இரட்டையாக அடிப்பார்' என்பது வரைக்கும் வந்திருந்தது.

"கையை ஆட்டாம பிடிங்க மாப்பிள்ளை!" என்ற கீச்சுக் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.